இருவர் எழுதிய இறுதி நாள்
(கூட்டுப் படைப்பில் உலக முடிவுப் புதினத் தொடர்கள் - ஓர் ஒப்பாய்வு)

முன்னுரை

ஒருவருக்குக் கண்ணில்லை; மற்றவருக்குக் காலில்லை. கண்ணில்லாதவர் தோளில் காலில்லாதவர் அமர்ந்து வழி சொல்ல, அவர் சுமந்து நடந்தார் என்றும், வெண்பாவின் முன்னிரண்டு அடிகளை ஒருவர் பாடப் பின்னிரண்டு அடிகளை மற்றவர் பாடி முடித்தார் என்றும் இரட்டைப் புலவர் வரலாறு கூறும். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவ்விருவர் பெயரால் வழங்குவன. அண்மைக் காலத்திலும் சுரேஷ், பாலகிருஷ்ணன் என்னும் இரு நண்பர்கள் 'சுபா' என்ற ஒரே பெயரில் விறுவிறுப்பான புதினங்கள் பலவற்றை எழுதியமை மாணவர் பலரும் அறிந்ததே. ஆகவே, இருவர் கூடி ஒரு நூல் செய்தல் என்பது தமிழுக்குப் புதிதன்று.

ஒப்பிலக்கிய வகுப்பொன்றில் மாணவர் ஒருவர், "ஐயா, இருவர் எழுதிய நூலில் இது இன்னாருடைய கற்பனை, இது இன்னாருடைய நடை என்று பிரித்தறிய முடியுமா?" என்று வினவினார். எளிய வினாவாகத் தோன்றினும் விடை எளிதன்று. அவ்வினாவை மனத்திற்கொண்டு, அமெரிக்க மண்ணில் இருவர் இருவராகக் கூடி எழுதிய மூன்று புதினத் தொடர்களை எடுத்துக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மூன்றும் உலகத்தின் முடிவைப் பற்றியவை. மூன்றும் படிப்பவரை மூச்சுவிட விடாமல் இழுத்துச் செல்லும் விறுவிறுப்பு வகையைச் சார்ந்தவை. அவற்றிற்குத் தூண்டுதலாக அமைந்தவை எவை, இருவரும் பணியை எங்ஙனம் பகுத்துக்கொண்டனர், அப்பகுப்பால் நூலுக்கு விளைந்த நன்மையும் குறையும் யாவை என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

உலக முடிவு என்னும் கருப்பொருள்

உலகம் ஒருநாள் முடியும் என்னும் எண்ணம் மனித இனத்தின் பழம்பெரும் எண்ணங்களுள் ஒன்றாகும். கடல்கோள் பற்றிய செய்திகளைத் தமிழிலக்கியம் பேணி வைத்துள்ளது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறும். நூஹ் நபி (அலை) அவர்களின் பேழையும் பெருவெள்ளமும் யூத, கிறித்தவ, இசுலாமிய மரபுகள் மூன்றுக்கும் பொதுவான செய்தியாகும். சமயம் இதனைப் பேசும்போது மனிதன் தன் செயலுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவன் என்னும் அறத்தை உணர்த்துகிறது. புதினம் இதனைப் பேசும்போதோ வேறொரு வினா முன்னே வந்து நிற்கிறது. எல்லாம் அழியும் நாளில் தப்புகிறவர் யார்? கைவிடப்படுகிறவர் யார்? இவ்வினாவிற்கு ஓர் எழுத்தாளன் கூறும் விடையில் அவனுடைய நெஞ்சத்தின் அகலம் புலப்பட்டுவிடுகிறது. இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்தும் இதுவேயாகும்.

முதல் இணை: பால்மரும் வைலியும்

எட்வின் பால்மர் (பிறப்பு 1883) இதழாசிரியர். 'ரெட்புக்' என்னும் புகழ்பெற்ற அமெரிக்க இதழை நடத்தியவர். கூட்டெழுத்து அவருக்குப் பழகிய கலை. வில்லியம் மக்ஹார்க் என்பவருடன் இணைந்து 1910ஆம் ஆண்டிலேயே உளவியல் முறையில் குற்றவாளியைக் கண்டறியும் துப்பறியும் கதைகளை நூலாக வெளியிட்டவர் அவர். பிலிப் வைலி (பிறப்பு 1902) அவரினும் ஏறத்தாழ இருபதாண்டு இளையவர். 1930இல் 'கிளாடியேட்டர்' என்னும் புதினத்தால் அறியப்பட்ட அவர், வேகமான நடையும் சமூகத்தைக் கடுமையாகச் சாடும் நோக்கும் கொண்டவர். இவ்விருவரும் இணைந்து எழுதிய 'வென் வேர்ல்ட்ஸ் கொலைட்' (உலகங்கள் மோதும்போது) 1932-33இல் 'புளூ புக்' என்னும் இதழில் தொடர்கதையாக வந்து, 1933இல் நூலாயிற்று. அதன் தொடர்ச்சி 1934இல் வெளிவந்தது. கதைக் கருவைப் பால்மர் அளிக்க, எழுத்து வடிவத்தை வைலி அளித்தார் என்பது பொதுவாகக் கூறப்படும் செய்தி.

இரு கோள்கள் வெளியிலிருந்து சூரியக் குடும்பத்தினுள் நுழைகின்றன. பெரியது பூமியை உடைக்கும்; சிறியது மனிதர் வாழத்தக்கதாக இருக்கும். முதல் முறை அருகே வரும்போது கடல் பொங்கி நகரங்களை அழிக்கும். இரண்டாம் முறை பூமியே அழியும். இச்செய்தியை முன்னதாக அறிந்த அறிவியலார் சிலர், மறைவாக ஒரு விண்கலம் கட்டுகின்றனர். முதலில் அக்கலத்தில் ஏறத்தாழ நூறு பேருக்கே இடமுண்டு. கட்டுகிறவர்களோ அதனினும் பல மடங்கினர். எவரை ஏற்றுவது, எவரை விடுவது?

இத்தொடர் எழுந்த காலத்தை நோக்குதல் வேண்டும். 1929இல் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. 1932-33இல் அமெரிக்காவில் உழைக்கும் மக்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. 1930இல்தான் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டு, வானத்தின் விளிம்பில் நாமறியாத உலகங்கள் உள்ளன என்னும் வியப்பு மக்களிடையே பரவியிருந்தது. இருக்கும் இடம் சிறிது, வேண்டுவோர் பலர் என்னும் அன்றைய வாழ்வின் கொடிய கணக்கே விண்கலத்தின் இருக்கைக் கணக்காக உருமாறியது எனலாம். 1951இல் ஜார்ஜ் பால் இதனைத் திரைப்படமாக்கினார். அப்படம் சிறப்புக் காட்சிகளுக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது.

இரண்டாம் இணை: லஹேயும் ஜென்கின்ஸும்

திம் லஹே (1926-2016) கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் திருச்சபைப் போதகராகப் பணியாற்றியவர். விவிலியத்தின் தானியேல், எசேக்கியேல், திருவெளிப்பாடு ஆகிய நூல்களை வரிசைப்படுத்தி, இறுதிக் காலம் இவ்வாறு நிகழும் என்று காலக்கோடு வரைந்து விளக்குவதில் ஈடுபாடு மிக்கவர். ஒருமுறை வானூர்திப் பயணத்தின்போது, திருமண மோதிரம் அணிந்த வானோட்டி ஒருவர் பணிப்பெண்ணுடன் நெருக்கமாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டதாகவும், இந்நொடியில் நம்பிக்கையாளர் அனைவரும் விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டால் இவர் நிலை என்னாகும் என்று தம்முள் எண்ணியதாகவும், அதுவே தம் கதைக்கு வித்தானதாகவும் அவர் பல இடங்களில் கூறியுள்ளார். வித்து கிடைத்தது, அதனை மரமாக்கும் புனைகதைத் திறம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். தம்மிடம் இல்லாததை அறிதல் பேரறிவாகும்.

இலக்கிய முகவர் ஒருவர் வாயிலாக அவருக்கு அறிமுகமானவர் ஜெர்ரி ஜென்கின்ஸ் (பிறப்பு 1949). விளையாட்டுச் செய்தியாளராகத் தொடங்கி, புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் வாழ்க்கை வரலாறுகளை அவர்களுடன் இணைந்து எழுதிப் பழகியவர். பிறர் வாழ்வைப் பிறர் குரலில் எழுதிக் கொடுத்த அப்பயிற்சி, பிறர் கருத்தைக் கதையாக்கும் பணிக்குப் பெரிதும் துணை செய்தது. இறுதிக்கால நிகழ்ச்சிகளின் வரிசையையும் விளக்கத்தையும் லஹே எழுதி அனுப்புவார். கதைமாந்தர், உரையாடல், காட்சி, நடை ஆகிய அனைத்தும் ஜென்கின்ஸின் கைவண்ணம். இதில் ஒரு நுட்பம் உண்டு. முழுக் கதைத்திட்டம் வரையாமல், எழுத எழுத என்ன நடக்கிறதெனத் தாமே கண்டறிந்து செல்லும் இயல்பினர் ஜென்கின்ஸ். லஹேயின் காலக்கோடோ அணுவளவும் அசையாதது. அசையாத கரைகளுக்கிடையே அலையும் ஆறுபோல அமைந்தது அவர்களுடைய கூட்டு.

'லெஃப்ட் பிஹைண்ட்' (விடப்பட்டவர்கள்) என்னும் முதல் நூலை 1995இல் இலினாய் மாநிலத்து டின்டேல் ஹவுஸ் வெளியிட்டது. சிகாகோவிலிருந்து இலண்டனுக்குப் பறக்கும் 747 வானூர்தியை ரேஃபோர்ட் ஸ்டீல் என்பவர் ஓட்டிச் செல்கிறார். அவர் மனம் பணிப்பெண் ஒருத்தியை எண்ணிக்கொண்டிருக்கிறது. அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலே, பயணிகளுள் நூற்றுக்கு மேற்பட்டோர் திடீரென மறைகின்றனர். இருக்கைகளில் அவர்களுடைய உடைகள் மட்டுமே கிடக்கின்றன. வீட்டில் அவருடைய மனைவியும் மகனும் மறைந்துவிட்டனர். வானூர்தியில் லஹே கண்ட சிறு காட்சி, கதையின் முதற்காட்சியாகவே வந்து நிற்பதை மாணவர் உற்று நோக்குதல் வேண்டும். தூண்டுதல் என்பது எங்கோ வானத்திலிருந்து இறங்குவதன்று. எதிரே நிகழும் சிறு நிகழ்ச்சியை 'இப்போது இப்படியானால்?' என்று கேட்கும் மனத்தில் அது பிறக்கிறது.

முதலில் ஒரே நூலாக எண்ணப்பட்ட இது, மூன்றாகி, ஏழாகி, பன்னிரண்டாகி, முன்கதை மூன்றும் பின்கதை ஒன்றும் சேர்ந்து 2007இல் பதினாறு நூல்களாக நிறைவுற்றது. சிறுவர்க்கெனத் தனித்தொடர் நாற்பது நூல்களாக வந்தது. 2000ஆம் ஆண்டில் வந்த எட்டு, ஏழாம் நூல்கள் விற்பனைப் பட்டியல்களில் உயர்ந்து நின்றன. 2001 செப்டம்பர் 11 நிகழ்ச்சிக்குப் பின்னர் வெளிவந்த ஒன்பதாம் நூலான 'டெசக்ரேஷன்', அவ்வாண்டில் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற புதினமாயிற்று. தொடர் முழுமையும் 6 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. 2000இலும் 2014இலும் திரைப்படங்கள் வந்தன. அச்சம் மிகுந்த காலத்தில் அச்சத்திற்கு வரிசையும் பொருளும் தருகின்ற கதையை மக்கள் நாடுவர் என்பதற்கு இவ்விற்பனையே சான்றாகும்.

மூன்றாம் இணை: தெல் தோரோவும் ஹோகனும்

கியர்மோ தெல் தோரோ (பிறப்பு 1964) மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தவர். உலகறிந்த திரைப்பட இயக்குநர். அவருடைய முதல் முழுநீளப் படமான 'குரோனோஸ்' குருதியுண்ணும் பேயினைப் பற்றியதே. நாட்குறிப்பேடுகளில் படமும் குறிப்புமாக எழுதிச் சேர்க்கும் பழக்கமுடையவர். குருதியுண்ணும் பேயை மந்திரப் பொருளாகக் கருதாமல், ஒட்டுண்ணியால் விளையும் நோயாகக் காட்டவேண்டும் என்பது அவர்தம் எண்ணம். 2006இல் இதனைத் தொலைக்காட்சித் தொடராக்க முயன்றார். தொலைக்காட்சி நிறுவனம் இதனை நகைச்சுவையாக்கித் தரக் கேட்டது, அவர் உடன்படவில்லை. பின்னரே இது புதினமாகட்டும் என்னும் எண்ணம் எழுந்தது. படத்தால் சிந்திக்கும் அவருக்குச் சொல்லால் சிந்திக்கும் துணை தேவைப்பட்டது.

அத்துணையாக வந்தவர் சக் ஹோகன். குற்றப் புதினங்களில் கைதேர்ந்தவர். அவருடைய 'பிரின்ஸ் ஆஃப் தீவ்ஸ்' (2004) பின்னர் 2010இல் 'தி டவுன்' என்னும் திரைப்படமாயிற்று. 1998லேயே கொள்ளைநோயும் நோய்க்கட்டுப்பாட்டு அறிஞரும் இடம்பெறும் புதினம் ஒன்றை அவர் எழுதியிருந்தார். நோய்க்கூறு ஒருவருடைய கற்பனை. நோயைத் துப்பறியும் முறை மற்றவருடைய பயிற்சி. இருவரும் எழுதிய 'தி ஸ்ட்ரெய்ன்' 2009 ஜூனில் வெளிவந்தது. 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் அடுத்த இரு நூல்களும் வந்து முந்நூல் தொடராக நிறைவுற்றது. பன்றிக் காய்ச்சலை உலகப் பரவல் நோயாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்ததும் அதே 2009 ஜூன் மாதமே என்பது எண்ணத்தக்கது. 2014 முதல் 2017 வரை இது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. முதலில் மறுக்கப்பட்ட வடிவத்தையே இறுதியில் அடைந்தது.

கதை, முதியவள் ஒருத்தி தன் பேரனுக்கு உணவூட்டும்போது கூறும் பழங்கதையோடு தொடங்குகிறது. பின்னர் பெர்லினிலிருந்து நியூயார்க் வந்திறங்கும் வானூர்தி ஒன்று, ஓடுபாதையிலேயே விளக்கணைந்து அசைவற்று நிற்கிறது. உள்ளே உயிரசைவு இல்லை. 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' புதினத்தில், மாலுமிகள் எவரும் உயிரோடில்லாத கப்பல் ஒன்று இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் வந்து மோதும். அக்கப்பலே இங்கு வானூர்தியாகியுள்ளது. முன்னோர் கதையைத் தம் காலத்து ஊர்தியில் ஏற்றிக் கொணர்தலும் படைப்பாற்றலே என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

மூன்றிலும் காணும் பொதுமைகள்

மூன்று தொடர்களையும் அருகருகே வைத்து நோக்கும்போது சில பொதுமைகள் புலனாகின்றன.

முதலாவது, ஊர்தி. லஹே-ஜென்கின்ஸ் கதையும் தெல் தோரோ-ஹோகன் கதையும் வானூர்தியில் தொடங்குகின்றன. பால்மர்-வைலி கதையில் பேரழிவின் சான்றாகிய வானியல் நிழற்படத் தகடுகளைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்குக் கொண்டுவருபவனும் ஒரு வானோட்டியே. ஊர்தி என்பது அறிமுகமற்ற மாந்தர் பலர் ஒன்றாக அடைபட்ட சிற்றுலகம். அதில் நிகழ்வது உலகிற்கே நிகழும் என்று வாசகர் எளிதில் உணர்வர்.

இரண்டாவது, பணிப்பகுப்பு. ஒருவர் கருவைத் தருகிறார். மற்றவர் உருவைத் தருகிறார். ஒருவர் வழி சொல்கிறார். மற்றவர் சுமந்து நடக்கிறார். இரட்டைப் புலவர் வரலாற்றில் நாம் கண்டது இதுவேயன்றோ? இருவரும் ஒரே ஆற்றல் உடையவராயின் அங்குக் கூட்டு தேவையில்லை. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருத்தலே கூட்டின் அடிப்படை.

மூன்றாவது, தொடர் வடிவம். உலகம் ஒருமுறைதான் முடியும். கதையோ நூல் நூலாக நீள்கிறது. அழிவைக் காட்டிலும் அழிவின் ஊடே வாழ்வதே கதைக்குரிய பொருள் என்பதை ஆசிரியர்கள் உணர்ந்தமையின் விளைவு இது.

யார் தப்புகிறார்? யார் விடப்படுகிறார்?

இனி இக்கட்டுரையின் மைய வினாவிற்கு வருவோம்.

பால்மர்-வைலி இணையின் கதையில் நூறு இருக்கைக் கணக்கு வாசகர் நெஞ்சை உறுத்துகிறது. கதைப்போக்கில், மிகு வெப்பத்தைத் தாங்கும் புதிய உலோகம் கிடைக்கிறது. பெரிய கலம் ஒன்று கட்டப்படுகிறது. முகாமில் எஞ்சியோர்க்கும் இடம் உண்டாகிறது. ஆனால் முகாமைத் தாக்க வரும் பசித்த கூட்டத்தின்மீது கலத்தின் நெருப்பையே பாய்ச்சி எரிக்கும் காட்சியும் அதே நூலில் உண்டு. வேலிக்குள் இருப்போர்க்கு இரங்கும் நெஞ்சம், வேலிக்கு வெளியே இருப்போரைக் 'கூட்டம்' என்றே காண்கிறது. இரண்டாம் நூலில் புதிய கோளுக்கும் பழைய பகை குடிபெயர்கிறது. உருசியர், செருமானியர், சப்பானியர் அடங்கிய அணியொன்று அங்கும் எதிரியாகவே தோன்றுகிறது. பூமி அழிந்தது, பூமியின் காழ்ப்பு அழியவில்லை.

லஹே-ஜென்கின்ஸ் தொடரில் ஒரு நற்கூறு முதலில் கூறத்தக்கது. விடப்பட்டவர்களுள் திருச்சபையின் துணைப் போதகரும் ஒருவர். ஊருக்கு உபதேசித்தவர், உள்ளத்தில் நம்பாதவர். அறிந்து கூறுவது வேறு, உணர்ந்து வாழ்வது வேறு என்பதை இப்பாத்திரம் நன்கு காட்டுகிறது. எச்சமயத்தைச் சார்ந்த ஆசிரியரும் அறிஞரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா அதில் அடங்கியுள்ளது.

ஆயினும், தொடரின் பெருங்குறை பிற மக்களைக் காட்டும் முறையில் உள்ளது. இரண்டாம் நூலில் (1996), எருசலேமில் உள்ள குப்பத்துஸ் ஸக்ரா என்னும் பாறைக் குவிமாடம் முசுலிம்களின் உடன்பாட்டுடனேயே பெயர்க்கப்பட்டுப் புதிய பாபிலோன் நகருக்குக் கொண்டு செல்லப்படுவதாகக் கதை செல்கிறது. ஹிஜ்ரி 72ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 691-92இல், கலீபா அப்துல் மலிக் காலத்தில் எழுந்து, பதின்மூன்று நூற்றாண்டுகளாக மக்கள் நெஞ்சில் நிலைபெற்ற ஒரு திருவிடம், கதைக்கு இடைஞ்சலான ஒரு பொருளைப்போல அகற்றப்படுகிறது. அதனை நேசிக்கும் மக்களின் குரல் அங்கே கேட்பதில்லை. யூதரும் ஆசிரியர்களின் காலக்கோட்டிற்கு ஏற்ப மனம் மாறவேண்டியவராகவே பெரிதும் வருகின்றனர். இக்குறையைப் பிற சமயத்தார் மட்டும் சுட்டவில்லை. நம்பிக்கையாளர் திடீரென விண்ணுக்கு எடுக்கப்பட்டு மறைவர் என்னும் இக்கொள்கை, 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்பவரால் பரப்பப்பட்ட விளக்கம் என்றும், திருச்சபையின் பொதுக் கொள்கையாகாது என்றும் கத்தோலிக்கர், லூத்தரன் சபையார் முதலிய கிறித்தவர் பலரே மறுத்துரைத்துள்ளனர். எனவே ஒரு நூலைக் கொண்டு ஒரு சமயத்தை எடைபோடுதல் நமக்கும் தகாது. நம்மைப் பற்றி அவ்வாறு எழுதப்படும்போது நாம் வருந்துகிறோம் எனில், பிறரைப் பற்றி எழுதும்போது அவ்வருத்தத்தை நினைவில் கொள்ளுதலே முறை.

தெல் தோரோ-ஹோகன் தொடரில் அழிவை எதிர்த்து நிற்கும் குழுவைக் காண்க. திரெப்லிங்கா கொலைமுகாமிலிருந்து உயிர் தப்பி, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அடகுக்கடை வைத்திருக்கும் முதியவர். அரசு நோய்க்கட்டுப்பாட்டு மருத்துவர். எலிபிடிக்கும் நகராட்சி ஊழியர். சிறை சென்று மீண்ட மெக்சிகோ மரபு இளைஞன். நல்வாழ்வில் ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்த்திரார். எலிபிடிப்பவரின் தொழிலறிவு மருத்துவரின் கல்வியறிவைக் காக்கிறது. முதியவரின் நினைவு அனைவரையும் காக்கிறது. மாறாக, கதையில் எல்லாப் பாதுகாப்பும் பெற்ற பெருஞ்செல்வர் ஒருவர், தாம் மட்டும் சாவாதிருக்கும் ஆசையால் தீமைக்குக் கதவு திறக்கிறார். யார் தப்புவார் என்னும் வினாவிற்கு 'யார் பிறரைத் தப்புவிக்கிறாரோ அவர்' என்னும் விடை இத்தொடரில் ஓரளவு கிடைக்கிறது. குருதியும் கொடுமையும் மிகுந்து, இளையோர் எல்லார்க்கும் ஏற்றதன்று எனினும், இக்கூறு போற்றத்தக்கது.

கூட்டின் பயன் யாது?

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? ஒரு காரணத்தை இக்கட்டுரையாளர் துணிந்து கூற விழைகிறார். கூட்டெழுத்தில் இரண்டாமவரின் பணி எழுதுவது மட்டுமன்று; வினவுவதும் ஆகும். 'இக்கூட்டத்தில் ஒருவன் நம் தம்பியாக இருந்தால்?' என்று பால்மரும் வைலியும் ஒருவரையொருவர் கேட்டிருந்தால், எரிக்கும் காட்சி வேறு வகையாக அமைந்திருக்கலாம். 'இத்திருவிடத்தில் தொழுகிற முதியவர் என்ன நினைப்பார்?' என்று லஹேயிடம் ஜென்கின்ஸ் கேட்டிருந்தால், இரண்டாம் நூலில் ஒரு குரல் கூடியிருக்கும். இருவரும் ஒரே வேலிக்குள் நின்று நோக்கும்போது, வேலிக்கு வெளியே உள்ளது இருவருக்கும் தெரிவதில்லை. மெக்சிகோவிலிருந்து வந்தவரும் அமெரிக்கரும் இணைந்து எழுதியபோது, இரு வேறு சாளரங்கள் திறந்தன. கதைக்குள் பலவகை மாந்தர் வந்தனர். கண்ணில்லாதவரும் காலில்லாதவரும் இணைந்தால் பயணம் நிகழும். இருவரும் கண்ணை மூடிக்கொண்டால் நிகழாது.

மாணவர் கொள்ளத்தக்கன

புனைகதை எழுத விழையும் மாணவ மணிகளுக்கு இவ்வாய்வால் கிடைக்கும் படிப்பினைகள் மூன்று. ஒன்று, தூண்டுதல் பெரியதாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு மோதிரமும் ஒரு நெருக்கமான பேச்சும் பதினாறு நூல்களுக்கு வித்தாயின. இரண்டு, தம் குறையை அறிந்து தக்க துணையைத் தேடுதல் இழுக்கன்று. தம் படிப்புக்கும் பழக்கத்திற்கும் வேறான துணையைத் தேடுதல் இன்னும் நன்று. மூன்று, அழிவை எழுதும்போது அழிகிறவர்க்கும் முகமும் பெயரும் கொடுத்தல் வேண்டும். பெயரில்லாத கூட்டத்தை எழுதுகோலால் அழித்துப் பழகிய சமுதாயம், அதனை வேறு கருவிகளாலும் செய்யத் துணியும்.

முடிவுரை

இருவர் எழுதிய நூலில் இன்னாருடையது எது என்று பிரித்தறிய முடியுமா என்று கேட்ட மாணவருக்கு இறுதியாகக் கூறத்தக்கது இது. கருவையும் நடையையும் ஓரளவு பிரித்தறியலாம். ஆனால், எவரைக் காத்தனர், எவரைக் கைவிட்டனர் என்னும் கணக்கில் மட்டும் இருவரையும் பிரிக்க இயலாது. அதற்கு இருவருமே பொறுப்பாளிகள்.

இறுதி நாள் வந்துவிட்ட நிலையிலும் ஒருவர் கையில் ஒரு கன்று இருக்குமாயின் அதனை நட்டுவிடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி நம்மிடையே பலரும் அறிந்தது. நிழல் தரும்வரை அக்கன்று நிற்காது என்று தெரிந்தும் நடச் சொன்ன அறிவுரை அது. உலக முடிவைப் பற்றி எழுதப் புகும் எவரும், தம் கதையில் அக்கன்றை நடுவதற்கு ஒரு கையளவு மண்ணேனும் விட்டு வைப்பாராயின், அக்கதை அச்சத்தை விற்ற கதையாக முடியாது. அறத்தை வளர்த்த கதையாக நிற்கும்.